பி பக்கத்தின் கடைசிப் பாட்டு

ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டையும் வெளியே எடுக்க விடமாட்டேன் என்று எமிலி ஒரே பிடியாக நின்றுவிட்டாள். அதனால் ஜெயராஜா கிடந்த சவப்பெட்டியைத்தான் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டியதாயிற்று. மலர்ச்சாலையிலிருந்து வந்த நான்கு பேரும் அந்தச் சின்ன ஹோலுக்குள் பெட்டியை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்து, கடைசியில் அவருடைய இடது தோள் நீலச் சுண்ணாம்புச் சுவரை உரசுகிற மாதிரி வைத்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

"ஆக்கள் சுத்தி வந்து பாக்க இடமில்லாம, இது என்ன செத்தவீடு கா?" என்றாள் றஜனி. ஜெயராஜாவின் அக்கா. மெதடிஸ்த சேர்ச்சில் பெண்கள் ஐக்கியத்தின் தலைவி என்பதால் எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் அவளுக்கு.

"ஒரு பக்கத்தால வந்து பாத்துட்டுப் போகட்டும் மச்சாள். அவர் என்ன தேரா, சுத்தி வர?"

"ரெண்டு மரப் பெட்டிக்காக மனிசனச் சுவரோட தள்ளிற்றியே."

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அந்தப் பெட்டிகளை வெளியே போடும்படி கத்தியவள் எமிலிதான். ஜெயராஜா வேப்பம் பலகையில் தானே அறுத்து, ஆணியடித்துச் செய்தவை. இடுப்பளவு உயரம். தூசி தட்ட முடியாது, பின்னால் பல்லி முட்டை, மழைக் காலத்தில் அவற்றின் மேல்தான் பள்ளிக்கூடச் சேலை காயும். நேற்று விடியற்காலை ஆஸ்பத்திரியில் அவர் கண்ணை மூடிய பிறகு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது, முதலில் கண்ணில் பட்டவை அவைதான். அவற்றையும் தூக்கிவிட்டால் ஹோலில் வேறென்ன மிஞ்சும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

கதிரையைப் பெட்டிக்கு வலப்பக்கம் போட்டு அவளை இருத்தினார்கள். அந்தப் பக்கத்தில் இருந்து அவரைப் பார்க்க அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஜெயராஜாவுக்கு வலது காது கேட்காது. சண்டைக் காலத்தில் சந்தைப் பக்கம் வெடித்த ஏதோ ஒன்று அதைக் கொண்டு போயிருந்தது. கலியாணத்தன்று போதகருக்கு முன்னால் அவருக்கு இடப்பக்கம் நின்றவள், பிறகு அந்தப் பக்கத்தை விடவேயில்லை. வீதியில் நடந்தாலும், பஸ்ஸில் இருந்தாலும், படுத்தாலும் இடப்பக்கம்தான். ஒரு காதால் கேட்கிற மனிசனுக்கு இரண்டு ஸ்பீக்கர் எதற்கு என்று ஒருநாள் கேட்டாள். "மற்றது உனக்கு" என்றார் அவர், சிரிக்காமல்.

அவளுக்கு அவர் போடுகிற பாட்டுகள் பிடித்ததே இல்லை. கணக்கு டீச்சர். வகுப்பில் ஒரு நாள் முழுக்கச் சத்தத்துக்குள் நின்றுவிட்டு வந்தால், வீட்டில் இன்னொரு கூட்டம் றம்ஸை அடித்துக் கத்திக்கொண்டிருக்கும். ஜெயராஜா காணிக் கந்தோரில் கிளாக்கர். பின்னேரம் சைக்கிளை நிறுத்தி, முகம் கழுவி, தேத்தண்ணியோடு கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழும்புவார். பேர் பெற்ற ஆட்களின் பாட்டுக் கேட்கிற மனிதர் என்றாலாவது அவளுக்கு விளங்கியிருக்கும். இவர் தேடுவதெல்லாம் ஒருவருக்கும் தெரியாத கூட்டங்களை. எங்கேயோ பனி கொட்டுகிற ஊரில் நாலு பெடியன்கள் கார் விடுகிற கொட்டிலில் இருந்து வாசித்துப் போட்டிருப்பார்கள். அதை இருபது பேர் கேட்டிருப்பார்கள். இருபத்தோராவது ஆள் ஜெயராஜாவாக இருப்பார்.

கேட்பதோடு விடமாட்டார். அவர்களுக்கு எழுதுவார். நான் இலங்கையில் மட்டக்களப்பில் இருந்து கேட்கிறேன், உங்கள் மூன்றாவது பாட்டில் கிட்டார் நல்லாயிருக்கிறது என்று. எஸ்தோனியாவில் இருந்து ஒரு றம்ஸ் அடிக்கிற பெடியன் வீட்டு முற்றத்துப் பனியைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். அந்தப் படத்தைக் கந்தோர் முழுக்கக் காட்டிவிட்டு வந்தார்.

"ஆயிரம் பேர் கேட்டிற்றா நான் விட்டுருவன்" என்பார்.

"ஏன், ஆயிரத்தோராவது ஆளாக் கேட்டா காது நோகுமா?"

"இல்ல எமிலி. அவங்கள் இனிப் பிழைச்சுக்கொள்ளுவாங்கள்."

இத்தனைக்கும் அவர் தேடிப் புறப்பட்டது ஒரேயொரு பாட்டை. கலியாணத்துக்கு முன்னால், தொண்ணூறாம் ஆண்டு தொடக்கத்தில், டவுனில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற ஒரு றெக்கோடிங் பாரில் வெறும் கசற்றைக் கொடுத்துத் தனக்கு வேண்டிய பாட்டுகளை அடித்துத் தரச் சொல்லியிருக்கிறார். கேட்டதெல்லாம் வந்தது. பி பக்கத்தின் கடைசியில் கேட்காத ஒன்றும் வந்தது. மிச்ச நாடா வீணாகக்கூடாது என்று கடைக்காரர்கள் எதையாவது நிரப்பிக் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் இது வேறு. மெல்லத் தொடங்குகிற கிட்டார். பிறகு இங்கிலிஷில் ஒரு ஆண் குரல், தடிமன் பிடித்த மாதிரி, பாதிச் சொல் விளங்காமல். இரண்டாவது அடியின் நடுவில் டக்கென்று நின்றுவிடும். பிறகு வெறும் இரைச்சல். கசற் அட்டையில் அந்த இடத்தில் பெயருக்குப் பதில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது. கடைக்காரனுக்கும் பேர் தெரியவில்லை, அவசரத்தில் பாதியில் நிறுத்தியும் விட்டான் என்று ஜெயராஜா எடுத்துக்கொண்டார். ஒருநாள் கேட்கப் போனார். கடை பூட்டிக் கிடந்தது. திரும்பவும் போனார். சண்டை திரும்ப மூண்ட அந்த வருடம் ஊரில் எந்தக் கடைதான் திறந்திருந்தது? பிறகு அது திறக்கவேயில்லை.

இன்டர்நெட் வந்ததும் அந்தத் துண்டுப் பாட்டைக் கம்பியூட்டரில் ஏற்றி உலகம் முழுக்கக் கேட்டார். நோர்வேக்காரர் ஒருவர் இது நியூசிலாந்து என்றார். கனடாக்காரர் ஒருவர் ஸ்கொட்லாந்து என்று அடித்துச் சொன்னார். ஒவ்வொரு நாடாகப் போய்த் தேடுவார். தேடினது கிடைக்காது, வழியில் வேறு பத்துக் கூட்டங்கள் அகப்படும், அவற்றோடு வீட்டுக்கு வருவார்.

போன கிழமை ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டது என்று தெரிந்த பிறகு, எமிலி தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னார்.

"அந்த பேண்ட் ஆரெண்டு தெரிஞ்சா எனக்குச் சொல்லு."

"வீட்ட வாங்க. சேர்ந்து தேடுவம்."

"வராட்டியும் சொல்லு."

"விசர்க்கதை கதைக்காதீங்க" என்று அவள் ஏசினாள். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நேற்றிலிருந்து அவளுக்கு வேறு நினைவு இல்லை. பாட்டுக்குப் பேர் எங்கே கிடைக்கப் போகிறது? கிடைக்காவிட்டால் என்ன, ஓம் என்று சொல்வதற்கு என்ன கேடு வந்தது தனக்கு என்று அந்தக் கதிரையில் இருந்து தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

"எமிலி, இன்னொரு விஷயம்" என்று றஜனி குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "நேத்து ஆட்டோவில போட்டது என்ன பாட்டு? சேர்ச் ஆக்கள் என்னட்டக் கேக்காங்க."

மரண அறிவித்தல் சொல்கிற ஆட்டோ ஜெனிஸ்டனுடையது. கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊரெல்லாம் போவான். செத்தவரின் பேரையும் ஊரையும் அவன் வாசிக்கும்போது பின்னால் ஒரு வயலின் அழும். மட்டக்களப்பில் யார் செத்தாலும் அதே வயலின்தான்.

"அது வேணாம் மனே" என்று எமிலி நேற்று அவனிடம் சொல்லிவிட்டாள். "அந்த வயலின் கேட்டா அவர் ஜன்னலப் பூட்டுவார்."

"அப்ப என்னத்தப் போட, டீச்சர்? வெறுமனே வாசிச்சா ஏலம் போடுற மாதிரி இருக்கும்."

மகள் டினுஷா தகப்பனின் கம்பியூட்டரைத் திறந்து தேடினாள். தொடுகிறதெல்லாம் கத்தலில் தொடங்கின. மெல்லத் தொடங்கியது அந்தப் பேர் தெரியாத பாட்டு ஒன்றுதான். முன்னால் வருகிற கிட்டாரை மட்டும் வெட்டித் திரும்பத் திரும்ப ஓட வைத்துக் கொடுத்தாள். ஜெனிஸ்டன் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "நல்ல சோகமாத்தான் கிடக்கு" என்றான். புளியந்தீவு, கல்லடி என்று தொடங்கி, ஜெயராஜாவின் சொந்தக்காரர்கள் இருக்கிற ஆரையம்பதிவரை போய் வந்தான்.

"அவர்ட பாட்டு மச்சாள்" என்றாள் எமிலி இப்போது. "நாளைக்கு நீங்க செத்தா உங்களுக்கு விருப்பமானதப் போடுவம்."

றஜனி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு டினுஷா முற்றத்துக் கூடாரத்தில் இருந்து உள்ளே வந்தாள்.

"அம்மா, காத்தான்குடியில இருந்து ஒராள் வந்திருக்கார். அப்பாவத் தெரியாதாம்."

"தெரியாம என்னத்துக்கு வந்த?"

"ஆட்டோவில போன பாட்ட எங்கால எடுத்த எண்டு கேக்கார்."

எமிலி எழுந்துவிட்டாள். பிறகு, பெட்டியை விட்டுப் போகக்கூடாது என்ற நினைவு வந்து மறுபடி இருந்தாள். "உள்ளுக்கு வரச் சொல்லு."

நரைத்த தாடி, தொப்பி, வெள்ளைச் சேர்ட். ஜெயராஜாவின் வயதுதான் இருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து பெட்டிக்கு அருகில் நின்றார். கிடந்தவரின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். எங்காவது கண்ட முகமா என்று தேடுகிற பார்வை.

"என்ட பேர் ஸாஹிர், டீச்சர். காத்தான்குடியில திரைச்சீலைக் கடை வெச்சிரிக்கன். இவர எனக்குத் தெரியா. மன்னிச்சுக்கங்க, இந்த நேரத்தில வந்து கேக்கிறதுக்கு."

"கேளுங்க."

"அந்தக் கிட்டார்…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். "அது உங்களுக்கு எப்பிடிக் கிடைச்ச?"

எமிலி ஸ்பீக்கர் பெட்டியின் மேலிருந்த கசற்றை எடுத்துக் கொடுத்தாள். அப்பாவோடு பெட்டிக்குள் வைத்துச் சேமக்காலையில் புதைப்போம் என்று டினுஷா அங்கே எடுத்து வைத்திருந்தாள். ஸாஹிர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்த்தார். விரல் கீழே கீழே இறங்கிப்போய்க் கேள்விக்குறியில் நின்றது.

"இது என்ட எழுத்து" என்றார்.

கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எமிலியைப் பார்த்தார்.

"அந்தக் கடையில கசற் அடிச்சது நான்தான், டீச்சர். பின்னால ஒரு அறை இரிந்த. கடை பூட்டினாப் பிறகு நாங்க நாலு பேர் அங்க வாசிப்பம். கிட்டார் நான். பாடின ஆள் சிவதர்ஷன், அமிர்தகழிப் பெடியன். இங்கிலிஷ் ஒருத்தருக்கும் சரியா வராது. அவன் வாயில வந்ததப் பாடுவான்."

"நீங்களா?" என்றாள் எமிலி. "இது நீங்களா?"

"நாங்கதான்."

நோர்வேக்காரரும் கனடாக்காரரும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து போனார்கள். உலகம் முழுக்கக் கேட்ட மனிசன் இந்த ஊருக்குள் ஒருவரிடமும் கேட்கவில்லை. அவளும்தான் நினைக்கவில்லை. இவ்வளவு நல்ல சாமான் பக்கத்தில் இருந்து வராது என்று இரண்டு பேரும் நம்பியிருந்தார்கள். ஆரையம்பதிக்குப் போன ஒவ்வொரு முறையும் பஸ் இவருடைய கடையைத் தாண்டித்தான் போயிருக்கும். எமிலிக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

"பேர்?" என்றாள். "உங்கட பேண்டுக்குப் பேர் வெச்சீங்களா?"

ஸாஹிருக்கு வெட்கம் வந்துவிட்டது. "வெச்ச. பியூஸ் வயர்."

"என்ன?"

"பியூஸ் வயர். அம்ப்ளிபயர் போட்டாக் கடையில பியூஸ் போகும். பியூஸ் வயர் வாங்கியே கடை முடியப்போகுதெண்டு முதலாளி ஒவ்வொரு நாளும் ஏசுவார். அதையே பேரா வெச்சிற்றம்."

எமிலி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. செத்தவீட்டில், புருஷனின் பெட்டிக்குப் பக்கத்தில், கண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள். டினுஷா வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா."

"ஒண்டுமில்ல புள்ள." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மிச்சம் எங்க, ஸாஹிர்? பாட்டில மிச்சம்?"

"மிச்சம் இல்ல, டீச்சர். அந்த இடத்திலதான் பியூஸ் போன. நாளைக்கு முழுசா எடுப்பம் எண்டிட்டு வீட்ட போனம். மறுகா ஒவ்வொரு நாளும் ஏதாவதொண்டு. கொஞ்ச நாளில எல்லாம் குழம்பிற்று." அவர் கசற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த வருஷம் நடந்தது உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும்."

தமிழ்ச் சனமும் முஸ்லிம் சனமும் பலியான அந்த வருடத்தைப் பற்றிப் புளியந்தீவுக்காரியும் காத்தான்குடிக்காரரும் நின்ற நிலையில் பேசி முடிக்க முடியாது. வெளியே யாரோ சோடாப் போத்தல்களை அடுக்குகிற சத்தம் கேட்டது.

"சிவதர்ஷன்?"

"அந்த வருஷத்தோட ஆள் இல்ல. அவங்கட அம்மா மௌத்தாகுமட்டும் தேடின." ஸாஹிரின் குரல் இறங்கியது. "நேத்து கடையில நிக்கன். றோட்டால ஆட்டோ வருது, என்ட கிட்டார் கேக்குது. மறுகாதான் விளங்கின, மரண அறிவித்தலெண்டு. அல்லாஹ், இத்தன காலமும் எங்கேயோ உயிரோட இரிந்து இப்பதான் போயிற்றானோ எண்டு ஓடி வந்தன் றோட்டுக்கு. அவன்ட பேர் வரும் வருமெண்டு பாத்தன். உங்கட ஆள்ட பேர் வந்த."

டினுஷா அழத் தொடங்கினாள். தகப்பனுக்காகவா, கண்டறியாத ஒருவனுக்காகவா என்று எமிலி கேட்கவில்லை.

"அதெல்லாம் சரி, இந்தக் கேள்விக்குறி?" என்று அட்டையைக் காட்டினாள். "பேர் தெரியாமப் போட்டதெண்டு இவர் நினைச்சார்."

"தெரியாமப் போடல்ல. முதலாளிக்குக் களவா ஒரேயொரு கசற்றில அடிச்சு விட்டன். நல்லாயிரிந்தா, இது ஆரெண்டு கேட்டு ஆராவது கடைக்கு வருவாங்கதானே. ஒராள் வந்தாப் போதும், மத்தவனுகளுக்குச் சொல்லலாமெண்டு பாத்துக்கொண்டு இரிந்தன்." அவர் சிரிக்கப் பார்த்தார். "ஆரும் வரல்ல."

"வந்தவர்" என்றாள் எமிலி.

"ஆர்?"

"இவர்தான். கேக்க வந்தவர். கடை பூட்டிக் கிடந்ததாம். மறுகாவும் வந்தவர். அப்பவும் பூட்டு."

ஸாஹிர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முதலில் தேடிய மாதிரிப் பார்க்கவில்லை இப்போது. தெரிந்த ஒருவரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"வந்தவரா?" என்று இன்னொரு முறை கேட்டார்.

"வந்தவர். அதுக்குப் பிறகு இருந்த காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருந்தவர்."

டினுஷா பாட்டை ஸாஹிரின் போனுக்கு அனுப்பிக் கொடுத்தாள். அவர் முற்றத்துக்குப் போய், முருங்கை மரத்தடியில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டார். எமிலி இருந்த இடத்தில் இருந்து ஜன்னலால் அவர் முதுகு தெரிந்தது. இடது கை விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டிருந்தன. பாட்டு முடிகிற இடம் அவளுக்கு மனப்பாடம். அந்த இடத்தில் விரல்கள் நிற்கும் என்று பார்த்தாள். அவை நிற்கவில்லை, இன்னும் கொஞ்சத் தூரம் போய்த்தான் நின்றன.

போதகர் வந்தார். ஜெபம் முடிந்தது. றஜனி முன்னால் நின்று எடுத்துக் கொடுக்க, சனம் கீர்த்தனை பாடியது. மலர்ச்சாலை ஆட்கள் மூடியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு காத்து நின்றார்கள்.

"முத்தம் குடுக்கிற ஆக்கள் குடுங்க. மூடப் போறாங்க" என்றாள் றஜனி.

டினுஷா குனிந்து தகப்பனின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். கசற்றை அவர் கைக்கு அருகில் வைக்கப் போனவள் தாயைப் பார்த்தாள். எமிலி வேண்டாம் என்று தலையசைத்தாள். அதில் இன்னொரு தாயின் பிள்ளையின் குரல் இருந்தது. டினுஷா வாசலில் நின்ற ஸாஹிரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

எமிலி எழுந்தாள். நின்ற பக்கத்தில் குனியாமல், பெட்டியின் கால் பக்கமாக நடந்து சுவர்ப் பக்கம் போனாள். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் கை போகிற இடைவெளிதான் இருந்தது.

"இதக் கொஞ்சம் அங்கால இழுங்க" என்றாள் மலர்ச்சாலை ஆட்களிடம்.

"எமிலி, இஞ்சால நிண்டு குடு கா" என்றாள் றஜனி. "போதகர் ஐயா நிக்கார். நேரம் போகுது."

"அந்தப் பக்கம் அவருக்குக் கேக்காது மச்சாள்."

றஜனி தானே முன்னால் வந்து பெட்டியின் தலைமாட்டில் கை வைத்தாள். ஸாஹிரும் வந்து ஒரு பக்கம் பிடித்தார். பெட்டி ஒரு சாண் நகர்ந்தது. பின்னால் ஸ்பீக்கரில் முட்டி நின்றது. அதற்கு மேல் போகவில்லை.

எமிலி பக்கவாட்டாகத் திரும்பி அந்த இடுக்குக்குள் நுழைந்தாள். முதுகு சுவரில் உரச உரச அவர் தோள்வரை போனாள். குனிந்து, இடது காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள். என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு சொல் சொல்ல எடுக்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூட நேரம் அங்கேயே குனிந்திருந்தாள். போதகர் பொறுத்துக்கொண்டு நின்றார்.

அவள் வெளியே வந்தபோது வெள்ளைச் சேலையின் முதுகு முழுக்க நீலச் சுண்ணாம்பு. டினுஷா தட்டிவிடக் கையைக் கொண்டு வந்தாள்.

"இருக்கட்டும்" என்றாள் எமிலி.

மூடியை எடுத்தார்கள். சேமக்காலைவரை அவள் அப்படியே நடந்தாள்.